விரல் நுனி மூட்டில் வரும் ஜவ்வுக் கட்டி: குத்தினாலும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு 58 வயது. வலது கை நடுவிரலில், நகத்துக்குப் பின்னால், கடைசி மூட்டின் மேல்புறம் பட்டாணி அளவில் பளபளவென்று ஒரு கட்டி. ஏழெட்டு மாதமாக இருக்கிறது. இரண்டு முறை ஊக்கால் குத்திப் பார்த்தார். கண்ணாடி மாதிரி ஜவ்வு வந்து அமுங்கியது, மூன்று வாரத்தில் பழையபடி எழும்பிவிட்டது. இப்போது அந்த விரலின் நகத்தில் வாய்க்கால் வெட்டினாற்போல் நீளமாக ஒரு பள்ளம். இது மருவா, புற்றா, ஆபரேஷன் வேண்டுமா, கால் விரலிலும் வருமா?

இடம், வயது, கண்ணாடி ஜவ்வு, நகத்தில் பள்ளம் ஆகிய நான்கும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: டிஜிட்டல் மியூகஸ் சிஸ்ட். தோல் மருத்துவர்கள் மிக்ஸாய்டு சிஸ்ட் என்று எழுதுவார்கள். சீட்டில் எது இருந்தாலும் பொருள் ஒன்றுதான். இது புற்றல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. மருவைப் போல வைரஸால் வருவதல்ல, அதனால் அடுத்தவருக்கு ஒட்டாது. அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊக்கை மட்டும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

காரணம், இதைக் கட்டி என்று நினைப்பதே தவறு. இது ஒரு கசிவு. விரலின் கடைசி மூட்டுக்குள் மசகுநீர் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு போன்ற அந்த நீருக்குக் கொழகொழப்பைத் தருவது ஹையலுரானிக் அமிலம். மூட்டைச் சுற்றியுள்ள உறையில் எங்காவது நைந்து ஓட்டை விழுந்தால், விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே அழுத்தம் ஏறி நீர் மெல்ல வெளியே பிதுங்குகிறது. மேலே தோல் மெல்லியதாக இருக்கும் இடம் பார்த்துத் தேங்குகிறது. தேங்கியதில் தண்ணீர்ப் பங்கை உடம்பு இழுத்துக்கொள்ள, மிச்சம் கற்றாழைச் சோறு போலக் கெட்டிப்படுகிறது. அம்மா குத்தியபோது வந்தது அதுதான். தேங்கியதை எடுத்தாரே தவிர ஓட்டை அப்படியே இருக்கிறது. மேல்தொட்டியின் குழாய் கசியும்போது கீழே வைத்த வாளியைக் கொட்டினால் என்ன ஆகும்? வாளி மறுபடி நிரம்பும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

உண்மையான சிஸ்ட்டுக்கு உட்புறம் ஒரு சவ்வு விரிந்திருக்கும். இதற்கு அதுவும் கிடையாது. சுற்றியுள்ள திசு அமுங்கிச் சுவர் போலத் தோன்றுகிறது. சில நேரம் மூட்டோடு தொடர்பே இல்லாமல், தோலிலுள்ள செல்களே ஜவ்வை அதிகம் சுரந்து தேக்குவதும் உண்டு. அந்த வகை குறைவு. மூட்டுக்குள் நீல மை செலுத்திப் பார்த்த அறுவை மருத்துவர்கள், மை நேராகக் கட்டிக்குள் வந்து சேர்வதைப் பெரும்பாலானவர்களிடம் கண்டிருக்கிறார்கள்.

ஓட்டை ஏன் விழுகிறது? பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களின், குறிப்பாகப் பெண்களின், விரல் நுனி மூட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை மாதிரி கெட்டியாகப் புடைத்திருக்கும், நுனி கொஞ்சம் கோணியிருக்கும். இதற்கு ஹெபர்டன் கணு என்று பெயர். வில்லியம் ஹெபர்டன் லண்டன் மருத்துவர்; அவர் இறந்த மறு ஆண்டு, 1802-இல் வெளிவந்த அவருடைய நூலில், இது கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் நோய்) அல்ல என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் புடைப்பு எலும்பு. தேய்ந்த மூட்டின் ஓரத்தில் எலும்பு முள் போல வளர்ந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முள் உறையை உள்ளிருந்து உரசிக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் உறை நைந்து விடுகிறது. இந்தக் கட்டி நட்டநடுவில் வராமல் பெரும்பாலும் சற்று இடமோ வலமோ ஒதுங்கி வருவதற்கும் காரணம் இருக்கிறது. நடுவில் விரலை நிமிர்த்தும் தசைநாண் பட்டையாக ஓடுகிறது. நீர் அதன் ஓரமாகத்தான் வழி கண்டுபிடிக்கிறது.

ஆக, மாவு பிசைந்ததாலோ துணி பிழிந்ததாலோ இது வந்துவிடவில்லை. உருளைக்கிழங்கு வாயு, கத்தரிக்காய் ஆகாது என்று தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயதும், தாய்வழி தந்தைவழி வாகுமே முக்கியம். சிலருக்கு மட்டும் விரல் கதவில் நசுங்கியது போன்ற பழைய காயம் இருக்கும்.

இனி நகத்தைக் கவனியுங்கள். நகம் உற்பத்தியாகும் நகவேர், நாம் பார்க்கும் நகத்துக்குக் கீழே தொடங்கவில்லை. பின்தோலுக்கு அடியில் மூட்டை நோக்கிக் கொஞ்ச தூரம் போகிறது. மூட்டின் மேலிருந்து வரும் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்துக்கும் நகவேரின் தொடக்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. அந்த இடுக்கில் 5 மில்லிமீட்டர் கட்டி உட்கார்ந்தால் நகவேரை அமுக்காமல் என்ன செய்யும்? அமுங்கிய இடத்தில் உற்பத்தியாகும் நகம் மெலிந்து, பள்ளமாக நீண்டு வருகிறது. கட்டி வெளியே தெரிவதற்குப் பல வாரம் முன்பே பள்ளம் தெரிந்துவிடுவதும் உண்டு. நகத்துக்குச் சத்து போதவில்லை என்று கால்சியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். சத்துக்குறைவு ஒரே ஒரு விரலைத் தேர்ந்தெடுத்து வராது.

அந்தப் பள்ளத்தைப் படிக்கவும் முடியும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பள்ளத்தின் முன்முனை நகப்பின்தோலிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அமுக்கம் தொடங்கிக் குறைந்தது மூன்று மாதம் ஆகிவிட்டது. தோலுக்கடியில் ஒளிந்திருக்கும் பகுதியையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கூடுதல். அம்மாவின் நகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பள்ளம் ஒரே ஆழத்தில் இருக்காது. மூங்கில் கணு போல நடுநடுவே மேடு தட்டும். ஊக்கால் குத்தி அமுங்கிய நாட்களில் அழுத்தம் விலகி நகம் கொஞ்சம் தடித்து வளர்ந்த இடங்கள் அவை. இரண்டு முறை குத்தியிருந்தால் பெரும்பாலும் இரண்டு மேடு.

சிலருக்குக் கட்டி நகவேருக்குக் கீழேயே போய்விடும். வெளியே புடைப்பு எதுவும் தெரியாது. நகம் குறுக்காக வளைந்து தூக்கும், நகத்தின் அடியில் உள்ள பிறைப்பகுதி சிவந்து காணும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ உண்மையில் உதவுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, ஒழுங்காகச் செய்தால் பயனுள்ளது. கட்டி நீரா, கெட்டியா என்று வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பது. ஃபோன் டார்ச்சை அப்படியே காட்டினால் விரல் முழுவதும் சிவப்பாக ஒளிரும், ஒன்றும் புரியாது. கறுப்பு அட்டையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு டார்ச்சின் மேல் வைத்து, அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள். ஒளியை விரலுக்கு அடியிலிருந்து விடாமல் கட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். நீர்க்கட்டி என்றால் சின்ன குண்டு பல்பு மாதிரி கட்டி முழுவதும் ஒரே சீராக ஒளிரும். கெட்டிக் கட்டி இருட்டாகவே நிற்கும். ஒளிர்ந்தால் நல்ல சாட்சி. ஒளிராவிட்டால் முடிவுக்கு வந்துவிட வேண்டாம்; மேல்தோல் தடித்திருந்தாலும், உள்ளே ரத்தம் கலந்திருந்தாலும், அம்மாவைப் போல ஏற்கெனவே குத்தித் தழும்பு பட்டிருந்தாலும் ஒளி மங்கும்.

ஒளிராத கட்டிகள் என்னென்ன? ஹெபர்டன் கணுவைச் சொல்லியாயிற்று. கல் மாதிரி இருக்கும், மூட்டின் இரண்டு பக்கமும் இருக்கும். கவுட் நோய் நாள்பட்டால் யூரிக் அமிலம் படிந்து டோஃபஸ் என்ற கட்டி வரும். தோலுக்கடியில் சுண்ணாம்பு போல வெள்ளை தெரியும், உடைந்தால் குழைத்த சுண்ணாம்பு மாதிரியே வரும், ஜவ்வாக வராது. வயதான பெண்களில், அதுவும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களில், தேய்ந்த விரல் மூட்டிலேயே யூரிக் அமிலம் படிவதும் உண்டு. எனவே வெள்ளையாகத் தெரிந்தால் யூரிக் அமிலச் சோதனை ஒன்று எடுத்துவிடலாம். ருமட்டாய்டு என்ற மூட்டுவாத நோயில் வரும் கணுக்கள் பெரும்பாலும் முழங்கைப் பக்கமும் விரலின் நடு மூட்டிலும் அடி மூட்டிலும் வரும், காலையில் கை விறைப்பும் வீக்கமும் கூடவே இருக்கும். நுனி மூட்டைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவது அந்த நோயின் வழக்கமல்ல.

உள்ளங்கைப் பக்கம், விரலின் சதையில், மெதுவாகக் கெட்டியாக வளரும் கட்டி என்றால் ஜயண்ட் செல் ட்யூமர் என்ற ஒன்றை யோசிக்க வேண்டும். ட்யூமர் என்ற சொல்லைக் கேட்டுப் பதற வேண்டாம். தசைநாண் உறையிலிருந்து வரும் சாதுவான கட்டிதான், எலும்பை அரிக்கும் அதே பெயர்க் கட்டி வேறு. ஆனால் இது தானாகப் போகாது, முழுவதும் எடுக்காவிட்டால் திரும்ப வரும், ஆகவே கை அறுவையில் பழக்கமுள்ளவர் எடுப்பது நல்லது. விரல் உள்ளங்கையோடு சேரும் அடியில், மிளகு அளவில் கல்லாட்டம் உருண்டு, பையைத் தூக்கும்போது வலித்தால் அது விரலின் தசைநாண் உறையில் வரும் கேங்க்லியான் என்ற சின்ன ஜவ்வு நீர்க்கட்டி. அதில் பல தாமாகவே மறைந்துவிடும், ஒரே ஒரு ஊசிக் குத்தில் தீர்ந்துவிடுவதும் உண்டு. நகத்துக்கடியில் நீலப் புள்ளி, அதை ஊசிமுனையால் தொட்டாலே உயிர் போகிற வலி, ஃபிரிட்ஜ் தண்ணீரில் கை வைத்தால் வலி எகிறுகிறது என்றால் கட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குளோமஸ் கட்டியாக இருக்கலாம். அதை எடுத்தால்தான் வலி போகும்.

இத்தனையும் சாதுவானவை. பயப்பட வேண்டியவை வேறு: சில வாரங்களிலேயே விறுவிறுவென வளர்வது, புண்ணாகி ஆறு வாரமாகியும் ஆறாதது, தொட்டால் ரத்தம் வருவது, நகத்திலுள்ள கறுப்புக் கோடு நகப்பின்தோலிலும் பரவுவது. நகத்தைச் சுற்றி வரும் தோல் புற்று பல ஆண்டு மரு என்றும் நகச்சுற்று என்றும் பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன எது இருந்தாலும் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, ஊக்குக்கு வருவோம். கட்டி மூட்டோடு சேர்ந்தது என்றால், கட்டிக்குள் நுழைந்த கிருமி எங்கே போகும்? அதே ஓட்டை வழியாக மூட்டுக்குள். விரல் மூட்டில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு சில நாளில் கரைந்துவிடும். எலும்பிலும் இறங்கினால் வாரக்கணக்கில் மருந்து, அறுவை, கடைசியில் மடங்காத விரல். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். அடுப்பில் ஊக்கைக் காட்டிவிட்டுக் குத்தினாலும் போதாது. அழுக்கு இருப்பது தோலிலும் நக இடுக்கிலும், அதைவிட முக்கியமாகக் குத்திய துளை மூடுவதற்குள் கை போகும் பாத்திரத் தண்ணீரிலும் மீன் கழுவும் தண்ணீரிலும்.

மருவுக்குச் செய்கிற கைவைத்தியமும் இங்கே செல்லாது. சேரங்கொட்டைப் பால் தோலைக் கொப்புளமாக்கி வேக வைக்கும். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்துத் தடவுவது இன்னும் மோசம்; இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது, அது ஆழமாக எரித்துக்கொண்டே போகும். தடித்த மருவின் மேல் அது ஓரளவு தாங்கலாம். இந்தக் கட்டியின் மேல்தோலோ வெங்காயச் சருகு போல. அதற்குக் கீழே மூட்டுதான். முடி கட்டி இறுக்குவது காம்பு உள்ள மருவுக்கானது. இதன் காம்பு உள்ளே இருக்கிறது, முடிக்கு அகப்படாது. மணிக்கட்டுக் கேங்க்லியானைக் கனமான புத்தகத்தால் அடித்து உடைக்கும் பழைய வழக்கத்தை விரலில் காட்டினால் எலும்பில் விரிசல்தான் மிஞ்சும்.

தானாக உடைந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு நிமிடம் கழுவி, பிதுக்காமல், சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். தினம் ஒருமுறை, நனைந்தால் உடனே, மாற்றுங்கள். துளை மூடும்வரை பாத்திரம், மீன், தோட்டம் எல்லாவற்றுக்கும் கையுறை. மஞ்சள், சாணிச் சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். சிவப்பு பரவுகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, விரல் நுனியை வேறொருவர் மெல்ல அசைத்தாலே வலிக்கிறது, ஜவ்வு கலங்கிச் சீழாகிறது என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அது மூட்டுவரை போயிருப்பதன் அடையாளம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை முதல் தேர்வு, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வலி இல்லை, நகம் நன்றாக இருக்கிறது, மேல்தோல் மெலியவில்லை என்றால் விட்டுவிடலாம். சில தானாகவும் போகும். அம்மாவின் விஷயத்தில் நகம் கெட ஆரம்பித்துவிட்டது, தோலும் இரண்டு முறை உடைந்திருக்கிறது. ஆகவே ஒருமுறை காட்டிவிடுவது சரி. ஒரு எக்ஸ்ரே போதும், ஆனால் இரண்டு கோணம் வேண்டும்: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எலும்பு முள் பக்கவாட்டுப் படத்தில்தான் மூக்கு மாதிரி நீட்டித் தெரியும். கை முழுவதற்கும் ஒரே படம் எடுத்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். அந்த ஒரு விரலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகமே இல்லாத கட்டிக்கு எம்ஆர்ஐ வீண் செலவு.

அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017-இல் வெளியானது. அதில் குணமான விகிதம்: அறுவை 95 சதவீதம், கட்டியைச் சுருங்க வைக்கும் மருந்தை ஊசியில் செலுத்துவது 77, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது 72, ஸ்டீராய்டு ஊசி 61, வெறுமனே குத்திப் பிதுக்குவது 39. குத்திப் பிதுக்குவது என்றால் மருத்துவமனையில் செய்வது, ஊக்கில் அல்ல. கசிவு என்ற கணக்கை மனதில் வைத்தால் இந்த வரிசை ஆச்சரியமே தராது. ஓட்டைக்கு எவ்வளவு பக்கத்தில் கை வைக்கிறோமோ அவ்வளவு பலன்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து நேராக அறுவைக்கு ஓடவும் வேண்டாம். ஆரம்பத்தில் சுத்தமான முறையில் ஊசி குத்தி ஜவ்வை எடுத்து, இறுக்கிக் கட்டிவைப்பதைச் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்து பார்க்கலாம். ஒவ்வொரு குத்தலும் ஒரு தழும்பை உண்டாக்கி, வழியை அடைக்கும் என்பதுதான் எண்ணம். ஐந்து முறைக்கு மேல் போவதில் பொருளில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் நம் நிறத் தோலில் அந்த இடம் வெளுத்து, பல மாதம் தேமல் மாதிரி நிற்கும், தோலும் மெலியும். ஏற்கெனவே மெலிந்த தோலுக்கு அது நல்லதல்ல.

உறைய வைப்பதில் கவனிக்க வேண்டியது நேரம். மைனஸ் 196 டிகிரித் திரவம்; முதலில் ஜவ்வை வெளியே எடுத்துவிட்டு, 20 முதல் 30 விநாடி உறைய வைத்து, முழுவதும் உருக விட்டு, இன்னொரு முறை. ஜவ்வை எடுக்காமலே பீய்ச்சினால் குளிர் அடிவரை போகாது, பலன் இருக்காது. அதிக நேரம் பீய்ச்சினால் பக்கத்திலேயே உள்ள நகவேர் செத்து, நகம் நிரந்தரமாக உருக்குலையும். செய்த அன்று இரவு நன்றாகவே வலிக்கும், மறுநாள் கொப்புளம் வரும், ஆற நான்கு வாரம்கூட ஆகும். சுருங்க வைக்கும் மருந்தும் அப்படித்தான்: மருந்து மூட்டுக்குள் போகக்கூடாது, ரத்தக்குழாயில் ஏறக்கூடாது, அதனால் கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டும்.

அறுவை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விரலின் அடியில் இரண்டு பக்கமும் லிக்னோகெய்ன் ஊசி போட்டு விரலை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். அந்த ஊசிதான் முழுச் சடங்கிலும் வலிக்கிற பகுதி. விரலடியில் ரப்பர் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டு, தோலை வளைவாகக் கீறித் தூக்கி, கட்டியின் காம்பை மூட்டுவரை தொடர்ந்து போய் எடுப்பார்கள். பிறகு தசைநாணை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்பு முள்ளைக் கொறடு போன்ற கருவியால் சீவிவிடுவார்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் உயிர்நாடி. கட்டியை மட்டும் நறுக்கி, முள்ளை விட்டுவைத்தால் அது மறுபடி உறையை உரசும், மறுபடி ஓட்டை. கட்டியைத் தொடவே தொடாமல், முள்ளைச் சீவிக் கசிவை அடைத்துவிட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டி தானாக வற்றிவிடுகிறது. மேல்தோல் ரொம்ப நைந்திருந்தால் பக்கத்துத் தோலையே திருப்பி மூட வேண்டிவரும். அன்றே வீட்டுக்குப் போகலாம். தையல் 10 முதல் 14 நாளில். வீக்கமும் விறைப்பும் ஆறு வாரம்வரை இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் விறைப்பு மிஞ்சும்.

போவதற்கு முன் அம்மா கேட்க வேண்டியவை மூன்று. எலும்பு முள்ளையும் எடுப்பீர்களா? நகவேருக்கு என்ன பாதுகாப்பு? விரல் நுனி முழுவதும் நிமிருமா? மூன்றாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் சற்று அதிகமாக உரித்துவிட்டால் நுனி கொக்கி மாதிரி தொங்கிப்போகும். அறுவைக்கு முன்பே தேய்மானத்தால் நுனி கொஞ்சம் தொங்கியிருந்தால் அதை அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அறுவையால் வந்ததா என்ற சந்தேகம் எழாது. கட்டி போனாலும் தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், மூட்டு வலிக்கு இது மருந்தல்ல என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். தோல் மருத்துவர், எலும்பு மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் மூவருமே இதைச் செய்வார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கட்டிக்கு அந்த மாதிரி இடம்தான் பொருத்தம்.

கால் விரலிலும் வருமா என்றால், வரும், கையைவிடக் குறைவாக. அதே இடம், நகத்துக்குப் பின்னால். மெட்டியால் வந்தது என்று யாராவது சொல்வார்கள். மெட்டி உட்காருவது விரலின் அடியில், கட்டி வருவது நுனி மூட்டில், சம்பந்தமில்லை. மூடிய ஷூ உரசினால் வலிக்கும், உடையும். முன்பக்கம் திறந்த செருப்பு போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காலில் அறுவைக்குப் பிறகும் திரும்ப வரும் வாய்ப்பு கையைவிட அதிகம், பாதம் வியர்வையிலும் தூசியிலும் இருப்பதால் கிருமித் தொற்றும் எளிது. அதனால் காலில் நகம் கெடாதவரை அவசரப்பட்டுக் கத்தி வைக்காமல் இருப்பதே என் விருப்பம்.

காலில் ஏமாற்றுகிற கட்டிகள் வேறு. கால் கட்டைவிரல் நகத்தின் நுனிக்கடியில் கெட்டியாக முளைத்து நகத்தைத் தூக்குவது பெரும்பாலும் எலும்பு வளர்ச்சி, இளவயதினருக்கே அதிகம் வரும். மருவென்று அமிலம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். கட்டைவிரலின் அடி மூட்டு உள்பக்கம் துருத்தி, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்தால் அது பனியன் எனப்படும் எலும்புக் கோணல், கட்டியே அல்ல. ராத்திரியில் திடீரென்று அந்த மூட்டு சிவந்து போர்வை பட்டாலே அலறவைத்தால் கவுட். விரல் மேல் மூட்டில் கெட்டியாகக் காய்த்து, செருப்பு மாற்றினால் குறைவது கால் ஆணி. கால் ஆணிக்கு அமிலப் பிளாஸ்டர் விற்கிறார்கள் அல்லவா, அதை ஜவ்வுக் கட்டியின் மேல் ஒட்டிவிடாதீர்கள். மெல்லிய மேல்தோல் ஓரிரு நாளில் கரைந்து மூட்டு திறந்துவிடும்.

நகம் சரியாகுமா என்ற கேள்வியும் இருந்தது. அழுத்தம் விலகிய நாளிலிருந்து பின்தோலை ஒட்டி நல்ல நகம் வரத் தொடங்கும். கைநகம் முழுக்க மாற ஆறு மாதம், கால்நகம் என்றால் ஒரு வருடத்துக்கு மேலே. பழைய பள்ளம் நிரம்பாது, முன்னால் தள்ளப்பட்டு வெட்டுப்பட்டுப் போகும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பள்ளத்தின் பின்முனை நகரவே இல்லை என்பது இரண்டாம் மாதமே தெரிந்துவிடும். அப்படி நகராவிட்டால் உள்ளே கசிவு நிற்கவில்லை, அல்லது நகவேரில் தழும்பு விழுந்திருக்கிறது. மேல்புடைப்பு தெரியாவிட்டாலும் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.